எண்ணெய் கருவின் கையில், காரம் தாயின் கையில்

கனோலா எண்ணெய் இன்று நம்மூர் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கிறது. அது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ரேப்சீட் பயிரின் திருத்திய வடிவம். இரண்டாம் உலகப் போரில் கனடா ரேப்சீட்டைப் பயிரிட்டது கப்பல்களின் நீராவி என்ஜின்களுக்கு மசகு போடத்தான். ஈர உலோகத்தில் அந்த எண்ணெய் நன்றாக ஒட்டும். போருக்குப் பின் அதைச் சமையலுக்குக் கொண்டுவர இரண்டு தடைகள். எண்ணெயில் ஏறத்தாழ 40 சதவீதம் எரூசிக் அமிலம். எலிகளின் இதயத் தசையில் அது கொழுப்பைப் படியவைத்தது. புண்ணாக்கிலோ, கடுகுக்குக் காரம் தரும் குளுக்கோசினோலேட். அளவு மிஞ்சினால் கால்நடைகளின் தைராய்டைக் கெடுக்கும்.

அமிலம் குறைந்த செடிகளை மனிடோபா பல்கலைக்கழகத்தின் பால்டர் ஸ்டெஃபான்சன் லிஹோ என்ற தீவன ரகத்திலிருந்து பிரித்தெடுத்தார். ரேப்சீட், முட்டைக்கோஸ் இனமும் டர்னிப் இனமும் கலந்து பிறந்த பயிர். அதனால் எரூசிக் அமிலத்துக்கு இரு வழியிலிருந்தும் ஒவ்வொரு மரபணு உண்டு. வீரியமுள்ள ஒவ்வொரு பிரதியும் அமிலத்தைக் கூட்டும். அமிலம் குறைந்த செடியைச் சாதாரண ரகத்தோடு கலப்பினம் செய்தால் முதல் தலைமுறை இடைப்பட்ட அளவில் நிற்கும். அடுத்த தலைமுறையில் 16 விதைக்கு 1தான் அமிலமற்றது.

அந்த ஒன்றை எப்படிப் பொறுக்குவது? பயிர் ஆய்வாளர்கள் கீத் டவுனியும் ஹார்வியும் 1963-இல் ஒரு வழி சொன்னார்கள். முளைகட்டிய விதையின் இரு வித்திலைகளில் வெளிப்புறம் உள்ளதை மட்டும் வெட்டி, அதன் எண்ணெயை வாயு குரோமட்டோகிராஃப் கருவியில் சோதிப்பார்கள். முளைவேரோடு நிற்கும் மறுபாதியை நட்டால் செடியாகிவிடும். இவ்வளவு சிறிய விதையைப் பாதியாக்கி, இரண்டையும் பயன்படுத்திய சாமர்த்தியம் எனக்கு எந்தப் பெரிய கருவியையும்விட உயர்ந்ததாகப் படுகிறது. வித்திலை கருவின் உறுப்பு. அதன் எண்ணெயைத் தீர்மானிப்பது கருவின் சொந்த மரபணுக்களே. அதனால்தான் இது பலித்தது.

குளுக்கோசினோலேட்டிடம் இந்த வித்தை செல்லவில்லை. விதைக்குள் சேரும் அளவைத் தீர்மானிப்பது தாய்ச்செடி. எனவே ஒரே காயில் விதைக்கு விதை அமிலம் மாறினாலும் காரம் ஒன்றுபோலவே இருக்கும். விதையை நட்டு, வளர்த்து, அது காய்த்த பிறகே அதன் குணம் தெரியும். காரத்தைக் குறைக்கும் மரபணுக்களைப் போலந்தின் புரோனோவ்ஸ்கி ரகம் தந்தது. இரண்டும் குறைந்த முதல் ரகமான டவர் 1974-இல் வந்தது.

பிளாஸ்டிக் பைகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கச் சேர்க்கும் பொருளுக்காக, எரூசிக் அமிலம் மிகுந்த ரேப்சீட் இன்றும் பயிராகிறது. அதன் மகரந்தம் கனோலா பூவில் விழுந்தால் அந்த அறுவடையிலேயே எண்ணெய் மாறிவிடும். ஆகவே இரண்டையும் இடைவெளி விட்டே பயிரிட வேண்டியிருக்கிறது.