குடியிருப்பு அலகும் கூட்டுப் பொறுப்பும்: மதுரை, ஸ்காண்டிநேவிய வீட்டுவசதி முறைகள் - ஓர் ஒப்பீடு

முன்னுரை

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு என்பது நான்கு சுவர்களோடு முடிவதில்லை. படிக்கட்டு, மொட்டைமாடி, மேல்நிலை நீர்த்தொட்டி, கழிவுநீர்க் குழாய் ஆகியனவும் அதன் உறுப்புகளே. இவற்றைப் பேணும் கடமை யாருடையது என்பதை இக்கட்டுரை ஒப்பிட்டு விளக்குகிறது.

மதுரையின் நிலை

1961இல் தோன்றிய தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் எல்லீஸ் நகர் முதலிய பகுதிகளில் குடியிருப்புகளை அமைத்தது. தவணை முறையில் வீடு பெற்றவர், தொகை முடிந்ததும் கிரயப் பத்திரம் பெறுகிறார். வீடு தனியுடைமையாகிறது, நிலத்தில் பிரிபடாத பங்கு சேர்கிறது. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களோ பெரிதும் கடன் வழங்கும் அமைப்புகளாகவே இயங்குகின்றன. கடன் தீர்ந்ததும் சங்கத்துடனான உறவும் தளர்கிறது. இரு வழிகளிலும் உரிமை தனியாளைச் சேர்கிறது. பொது உறுப்புகளுக்கான நிதியோ தானாக உருவாவதில்லை.

ஸ்காண்டிநேவிய முறைகள்

சுவீடனில் 1923இல் தொடங்கிய எச்.எஸ்.பி. கூட்டுறவு வேறு வழியைக் கண்டது. கட்டடம் சங்கத்தின் உடைமை. உறுப்பினருக்கு உரியது குடியிருக்கும் உரிமை. மாதக் கட்டணத்தின் ஒரு பகுதி எதிர்காலப் பழுதுபார்ப்புக்கெனச் சேமிக்கப்படுகிறது. டென்மார்க்கின் பொது வீட்டுவசதியில் வாடகை, செலவின் அடிப்படையில் அமைகிறது. ஒவ்வொரு குடியிருப்புப் பிரிவின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தையும் அங்கு வாழ்வோரின் கூட்டமே ஏற்கிறது. எனினும் குறையில்லாமல் இல்லை: சுவீடனில் குடியிருப்புரிமை இன்று சந்தை விலைக்கே கைமாறுவதால், எளியோருக்கு அது எட்டாததாகி வருகிறது.

பொருத்தப்பாடு

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டம், 2022, உரிமையாளர் சங்கத்தைக் கட்டாயமாக்கியதோடு, மூன்றில் இரு பங்கினர் இசைவுடன் மறுகட்டுமானத்திற்கும் வழிவகுத்தது. தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம், குடியிருப்போர் செலுத்தும் பராமரிப்புத் தொகைக்கு ஈடாக அரசும் நிதியளிக்க வகைசெய்கிறது. மதுரையை அடுத்த இராஜாக்கூர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் இதன் தேவை மிகுதி. பணியிடத்திற்குச் சென்றுவரும் செலவு கூடிய குடும்பம் பராமரிப்புத் தொகையை முழுமையாகத் தாங்குவது அரிது.

முடிவுரை

சுவீடன் முறையில் வீட்டோடு சேர்ந்தே பராமரிப்பு நிதியும் பிறக்கிறது. மதுரையில் பழுது தோன்றிய பின்னரே நிதி தேடப்படுகிறது. உடைமை முறையை மாற்றாமலேயே இவ்வேறுபாட்டைக் குறைக்கலாம். ஒதுக்கீட்டு நாளிலேயே சங்கமும் சேமிப்பு நிதியும் தொடங்கப்பெறுதல் அதற்கான முதற்படியாகும்.