காதுக்கு எட்டும் தூரத்தில்

நல்லூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் கண்ணும் கையும் துணியோடு போய்விடும். காது மட்டும்தான் மிச்சம். அதில் பெரும்பாலும் பாட்டு ஓடும். மனநோய் வந்து, மருந்து சாப்பிட்டு, மறுபடி மிஷினுக்குத் திரும்பிய ஒருவரின் கதையும் அவர் குரலிலேயே அந்தக் காதுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இதற்கு முன்னோடி உண்டு. 1991இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸில், போர்டா மனநல மருத்துவமனையில் இருந்தவர்களின் பேச்சை ஆல்ஃப்ரெடோ ஒலிவெரா என்ற உளவியல் மாணவர் கேசட்டில் பதிந்து உள்ளூர் வானொலிக்குக் கொடுத்தார். கேட்டவர்கள் கேள்வி அனுப்பினார்கள். அவற்றை அவர் உள்ளே கொண்டுபோக, நோயாளிகள் பதில் சொன்னார்கள். லா கொலிஃபாட்டா வானொலி அப்படிப் பிறந்ததுதான். நோயாளியைப் பற்றி வேறு யாரோ பேசாமல் அவரே பேசியதும், ஊர் அவரோடு பேச்சுக்கு வந்ததும்தான் இதில் பெரிய விஷயம்.

நம் பக்கம் நோயாளியின் குரலே எழாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி, 28 உயிர்கள் போயின. மனநலச் சிக்கல் உள்ளவர்களில், நோய்க்கு ஏற்ப, 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றது நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015–16 தேசிய ஆய்வு. "மண்டை சரியில்லாதவன்" என்று ஒருமுறை பேச்சு கிளம்பிவிட்டால் லைன் வீடு முழுக்கத் தெரிந்துவிடும். தங்கச்சி கல்யாணம் வரைக்கும் அது போகும். அதனால்தான் லீவுக்கு வயிற்றுவலி என்கிறார்கள், மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளிக்கிறார்கள்.

கதையில் மாத்திரை போட்டதும் கை மந்தமானது வரட்டும். ஒன்றரை ஷிப்ட் தாங்காமல் ஒரு ஷிப்டோடு கிளம்பியது, நோய் திரும்ப வந்தது எல்லாம் வரட்டும். முழுசாகக் குணமாகிவிட்டது என்று மட்டும் பாடினால் இன்னும் மருந்தில் இருப்பவர் மனசொடிந்து போவார்.

குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. சிகிச்சையில் இருப்பவரின் படமோ தகவலோ அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குப் போகக் கூடாது என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே பதிந்ததை முதலில் அவரே கேட்கட்டும்; வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும்.

ஒவ்வொரு கதையின் முடிவிலும் 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணைச் சொல்லலாம்; அதில் தமிழிலேயே பேசலாம். அதோடு, மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்தும் ஒருவருக்குப் பழைய இடத்தையே கொடுத்த பவர் டேபிள் தையல் யூனிட் முதலாளி யாராவது இருந்தால், அவரையும் பேசவைக்க வேண்டும்.