ஓசிப் பாட்டும் ஆற்றுப்படையும்

மந்தைவெளியில் பறக்கும் ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருக்கும் நண்பர் ஒருவர் கணினியில் இசை செய்கிறவர். உறுமி, ரயில் வந்து நிற்கும் ஓசை, மார்க்கெட்டில் விலை கூவும் குரல் எல்லாவற்றையும் பதிவு செய்து வெட்டி ஒட்டி அடுக்குவார். செய்ததை இணையத்தில் இலவசமாகப் போட்டுவிடுவார். அவருடைய புதிய தொகுப்பை நாற்பது பேருக்காவது அனுப்பியிருப்பேன் என்று போன மார்கழியில் ஒருநாள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “நாப்பது பேரும் நல்லாயிருக்குன்னாங்க தோழர். கரண்டு பில்லை நான்தானே கட்டினேன்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. இந்தக் கட்டுரை அந்தச் சுருக்கிலிருந்து தொடங்குகிறது.

இசையைக் காசு கொடுக்காமல் பகிர்வது குறித்து நம்மிடம் இரண்டு தயார்நிலைப் பதில்கள் உண்டு. பிரதி எடுப்பது திருட்டு, கலைஞனின் வயிற்றில் அடிப்பது என்பது ஒன்று. கலை பொதுச்சொத்து, அதற்கு வேலி போடுவது முதலாளித்துவம் என்பது மற்றது. முதலாவதைத் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், இரண்டாவதை நாம் சொல்கிறோம். இரண்டுமே ‘கலைஞன்’ என்றும் ‘இலவசம்’ என்றும் ஒற்றைப் பொருளில் பேசுகின்றன. எந்தக் கலைஞன், யாருடைய இலவசம் என்று கேட்ட மாத்திரத்தில் இரண்டும் தடுமாறுகின்றன.

1

தொண்ணூறுகளில் தி.நகரில் கேசட் பதிவு செய்து தரும் கடைக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வெற்றுக் கேசட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டினால் மூன்று நாளில் கிடைக்கும். கடைசியில் டேப் மிச்சமிருந்தால் கடைக்காரரே தன் இஷ்டத்துக்கு ஒன்றிரண்டு பாட்டுப் போட்டு நிரப்பிவிடுவார். நாங்கள் கேட்காத பாட்டுகள் அவை. என் ரசனையில் பாதி அந்த மிச்ச டேப்பில் உருவானது. பிறகு அதே வேலையை செல்போன் ரீசார்ஜ் கடைகள் மெமரி கார்டில் செய்தன. இப்போது ஒரு சுட்டியை அனுப்பினால் போதும்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அந்தக் கடைக்காரர் குற்றவாளி. எங்கள் தெருவில் ஒருவரும் அப்படி நினைக்கவில்லை. 2004இல் தமிழக அரசு ஒரு படி மேலே போய்க் குண்டர் சட்டத்தைத் திருத்தித் திருட்டு வீடியோக்காரர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. திரைப்படம் மட்டுமல்ல, அதன் பாட்டுப் பதிவும் அந்த வரையறைக்குள் அடங்கும். விசாரணையில்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவருக்கும் நடைபாதையில் பாட்டுத் தகடு விற்கிற பையனுக்கும் ஒரே சட்டம்.

இதே ஊரில் சபாக் கச்சேரியில் டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பதிவு செய்த ரசிகர்கள் இருந்தார்கள். பல பழைய கச்சேரிகள் இன்று அவர்களால்தான் பிழைத்திருக்கின்றன. ‘சங்கீதப்ரியா’ போன்ற இணையதளத்தில் அவை காசில்லாமல் பகிரப்படுகின்றன. கடையில் விலைக்குக் கிடைக்கும் பதிவுகளை அங்கே போடுவதில்லை என்ற ஒழுங்கும் உண்டு. நல்ல காரியம், நானே பயனடைந்தவன். ஆனால் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு பாடுகிறவரின் சம்மதமில்லாமல் பதிவு செய்வதும் பரப்புவதும் நிகழ்த்துநர் உரிமையை மீறுவதாகும். சொந்த உபயோகத்துக்கு என்றால் விலக்குண்டு. அந்தப் பதிவை ஊருக்கே அனுப்புவது சொந்த உபயோகம்தானா என்று யாரும் கேட்டதில்லை. குண்டர் சட்டம் சினிமாவை மட்டும்தானே குறிக்கிறது என்பார்கள், உண்மைதான். இருந்தாலும் மயிலாப்பூரில் பிரதி எடுத்தால் ரசிகர், பர்மா பஜாரில் பிரதி எடுத்தால் குண்டர் என்ற பொதுப்புத்தி சட்டப்புத்தகத்தில் மட்டும் உருவானதல்ல.

2

கலைஞனைக் காப்பதற்கே இந்தச் சட்டமெல்லாம் என்று சொல்லப்படுவதால் சட்டத்தில் கலைஞன் எங்கே இருந்தான் என்று பார்ப்பது அவசியமாகிறது. சினிமாவுக்காகக் காசு வாங்கிக்கொண்டு மெட்டோ வரியோ எழுதிக் கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமையின் முதல் சொந்தக்காரர் தயாரிப்பாளரே என்று 1977இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு சேர்த்தார். பாடுகிறவருக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்பது அவர் ஆதங்கம். நிகழ்த்துநர் உரிமை 1994இல் சட்டத்தில் ஏறியது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தமக்குரிய பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றானது 2012இல்தான். அத்தனை காலமும் ‘கலைஞனின் உரிமை’ என்ற பேரில் காக்கப்பட்டது பெரும்பாலும் ரிக்கார்டு கம்பெனியின் உரிமை.

2017இல் இளையராஜா தன் பாட்டுகளை மேடையில் அனுமதியின்றிப் பாடக்கூடாது என்று எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது ஊரே அவரைத் திட்டியது. ‘இத்தனை சம்பாதிச்சும் ஆசை அடங்கலியா’ என்றது டீக்கடை. தயாரிப்பாளர் பாட்டை விற்றால் வியாபாரம், இசையமைத்தவர் பங்கு கேட்டால் பேராசை. அவர் கேட்ட முறையில் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கேட்டதற்கே வந்த எரிச்சல்தான் யோசிக்க வைக்கிறது.

3

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஆற்றுப்படை நினைவுக்கு வராமல் போகாது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். முருகாற்றுப்படையை விட்டுவிட்டால் மற்ற நான்கும் ஒரே வேலையைச் செய்கின்றன: பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிரே பசியோடு வருகிற கலைஞனுக்கு வழி சொல்கிறான். இன்னாரிடம் போ, இந்த வழியாகப் போ, கிடைக்கும். பெரும்பாணாற்றுப்படை காட்டும் வழி காஞ்சியிலிருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் போகிறது.

இணையத்தில் நாம் செய்வதும் ஆற்றுப்படைதான் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ‘இதக் கேட்டுப் பாருங்க’ என்று வழி காட்டுகிறோமே! ஆனால் திசை தலைகீழாகிவிட்டது. பழைய ஆற்றுப்படை கலைஞனைப் பரிசிலை நோக்கி அனுப்பியது. நம்முடையது கேட்பவனைப் பாட்டை நோக்கி மட்டும் அனுப்புகிறது. பரிசில் இருக்கும் இடம் வழியில் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. (புரவலனை அண்டிப் பிழைத்த அந்த வாழ்வைப் பொற்காலமாக்குவது என் நோக்கமல்ல. பாணனின் பசியை மறைக்காத பாட்டுகள் அவை.)

பரிசில் இப்போது எங்கே போகிறது? பாட்டுச் செயலிக்குச் சந்தா கட்டுகிறவர் தான் கேட்கும் பாட்டுக்காரருக்கே அந்தப் பணம் போவதாக நினைக்கிறார். பெரும்பாலும் அப்படியில்லை. எல்லாச் சந்தாவும் விளம்பர வருவாயும் ஒரே குடத்தில் விழுகிறது. செயலி தன் பங்கை எடுத்துக்கொண்டபின், மொத்தக் கேட்புகளில் யாருக்கு எத்தனை சதவீதமோ அந்த விகிதத்தில் மிச்சம் பிரிகிறது. மாதம் முழுக்க என் மந்தைவெளி நண்பரை மட்டுமே நான் கேட்டாலும் என் காசில் பெரும்பங்கு நான் கேட்டேயிராத பெரிய நட்சத்திரத்துக்குத்தான் போகும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு பைசாவும் கணக்கில் ஏறாது. காசு கொடுத்துக் கேட்பதும் கலைஞனுக்குக் காசு கொடுப்பதும் ஒன்றல்ல என்பதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

4

இனி ‘இலவசம்’. தியாகராஜர் தஞ்சை அரசவையின் அழைப்பை மறுத்து உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தார் என்பது மரபுக் கதை. இசையை விற்கக்கூடாது என்ற கருத்தியலுக்கு அவர் முன்மாதிரி. இதே மண்ணில் இன்னொரு ‘இலவசம்’ இருந்தது. சாவுக்கும் கோயில் கொடைக்கும் பறையடிப்பது ஊர்க்கடமை. கூலி என்று கேட்க முடியாது, போட்டதை வாங்கிக்கொள்ள வேண்டும். தலித் இயக்கங்கள் ‘இனிச் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்’ என்று பல ஊர்களில் மறுத்தது இந்த இலவசத்தைத்தான். ஒருவருக்குக் காசை மறுப்பது துறவு. இன்னொருவருக்குக் காசு மறுக்கப்படுவது சாதி. இரண்டையும் ‘கலை விற்பனைக்கல்ல’ என்ற ஒரே வாக்கியத்தில் அடைப்பது வன்முறை.

இந்த வாக்கியம் சபாவுக்குள்ளும் வேலை செய்கிறது. வயலின் வாசிக்கும் தோழி ஒருத்திக்கு ஒரு சபாவில் பகல் கச்சேரி. அனுமதி இலவசம், வாசிப்பும் இலவசம். ஆட்டோவுக்குக் கொடுத்த காசுகூடத் திரும்பவில்லை. “வாய்ப்பு குடுத்திருக்கோமேம்மா” என்றார்களாம். வாய்ப்பு என்பது மார்கழியில் செல்லுபடியாகிற தனி நாணயம் போலும். அதே நேரத்தில், ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழாவும் இலவசம்தான். அடையாறுக்குப் பக்கத்தில் கடற்கரையில் மீனவர் குப்பத்து நடுவே கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. அங்கே இலவசம் கதவைத் திறந்தது. ஆக இலவசத்தை அளக்க வேண்டிய கேள்வி ‘டிக்கெட் உண்டா’ என்பதல்ல, ‘செலவு யார் தலையில்’ என்பது.

5

2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’யை எடுத்துக்கொள்வோம். ஒப்பாரியின் சாயலும் மின்னணுத் தாளமும் கலந்த பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் முன்னோரின் கதையை, பாட்டி வள்ளியம்மாளிடம் கேட்டறிந்ததை, அறிவு அதில் வைத்தார். பல கோடி முறை இலவசமாகக் கேட்கப்பட்டது. உலகின் பெரிய டிஜே ஒருவர் மறுகலவை செய்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் பாடகி தீ இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேள்வி எழுப்பினார். 2022இல் பாட்டு யாருடையது என்பதே பொதுவெளியில் சர்ச்சையாயிற்று. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தனக்கோ மற்ற இருவருக்கோ ஒரு பைசாவும் வரவில்லை என்றார். வெளியிட்டது ‘மாஜா’ என்ற தளம், சுயாதீனக் கலைஞர்களுக்காகவே தொடங்கப்பட்டது. அவர் சொன்னது அவர் தரப்பு. பணத்தகராற்றில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் நிலமற்றவர்களின் பாட்டு கோடிக்கணக்கான காதுகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அதைச் செய்தவர்களே ‘எங்களுக்கு எதுவும் வரவில்லை’ என்று சொல்லும் நிலை இருக்கிறதே, அதைக் கேட்பவர்களின் திருட்டால் விளக்க முடியாது. இங்கே யாரும் திருடவில்லை. எல்லாம் சட்டப்படிதான் கேட்கப்பட்டது.

6

வேறு வழியே இல்லையா என்றால், இருந்திருக்கிறது. பாரதி பாடல்களின் இசைத்தட்டு, சினிமா உரிமை ஒரு வியாபாரியிடமிருந்து ஏவி.எம். மெய்யப்ப செட்டியார் கைக்குப் போயிருந்தது. ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்திய டி.கே.எஸ். சகோதரர்களோடு வழக்கு நடந்தது. எழுத்தாளர்கள் கிளர்ந்தார்கள். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையை ஏற்றுக்கொண்டது, குடும்பத்தாருக்குத் தொகை கொடுத்தது, பின்னர் அவற்றை மக்களுக்கே உரியதாக்கியது. நாட்டுடைமை என்ற சொல்லுக்கு நாம் பழகிப்போனதால் இதன் புதுமை உறைப்பதில்லை. பாட்டும் இலவசம், பணமும் கொடுக்கப்பட்டது, பொதுப் பணத்திலிருந்து. பகிர்வதும் பணம் கொடுப்பதும் எதிரெதிர் என்ற வாதத்தை இந்த ஒரு சம்பவமே கட்டுடைக்கிறது. ஆனால் தொகை வந்தபோது பாரதி செத்து இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. நாட்டுடைமை பெரும்பாலும் பிணத்துக்குப் பின்னால்தான் வருகிறது. உயிரோடிருக்கும் இசைக்காரருக்கு அப்படியொரு பொதுநிதியை நாம் கேட்டதேயில்லை.

அரசிடம் கேட்பது இருக்கட்டும். இந்தப் பத்திரிகையில் எழுதுகிற எனக்கு யாரும் காசு தருவதில்லை, நானும் எதிர்பார்ப்பதில்லை. சிறுபத்திரிகையின் பெருமை என்று அதைச் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு வேறு சம்பளம் இருப்பதால் சொல்லிக்கொள்ள முடிகிறது. அதையே மந்தைவெளி அறையில் இருப்பவருக்கும் விதியாக்கிவிட்டேன் என்பதுதான் அன்றைக்குச் சுருக்கென்றதற்குக் காரணம். ஆகவே இனி யாருக்காவது பாட்டு அனுப்பினால் மூன்றைச் சேர்த்து அனுப்புவது என்று வைத்திருக்கிறேன்: செய்தவர் பெயர், அவர் நேராகப் பணம் பெறும் வழி, நான் கொடுத்த தொகை. மூன்றாவதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆற்றுப்படைப் பாணன் தான் பெற்ற பரிசிலைக் கூச்சமில்லாமல் பட்டியல் போட்டான். வாங்கியவனே வெட்கப்படாதபோது கொடுக்கிற எனக்கென்ன?

நண்பரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். “மொதல்ல அந்த நாப்பது பேருக்கும் திரும்ப அனுப்புங்க” என்றார்.