நெற்பயிரின் காவலர்கள்



சென்ற காலபோகத்தின் பின் மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினான். "ஐயா, இரு வயல்களுக்கும் பாய்வது ஒரே இரணைமடு நீர், பெய்ததும் ஒரே மழை. அயலவர் வயல் பசுமையாய் நிற்க, எங்கள் வயல் மட்டும் எரிபந்தத்தால் கருகியது ஏன்?" என்றான். அவ்வயலின் விளைச்சலை நம்பியே அவனது கல்வி நடைபெறுகின்றது. கலை பயின்றவனாகிய நான், நூல்களை நாடி அறிந்தவற்றை உங்களுக்கும் கூறுகின்றேன்.

எரிபந்தம் ஒருவகைப் பங்கசினால் உண்டாவது. காற்றில் வரும் அதன் வித்தி, பனி படிந்த இலையில் முளைத்து, கலத்தைத் துளைத்துப் புகும். நமது குருதியில் உலாவும் வெண்கலங்களைப் போன்ற காவலர் பயிருக்கு இல்லை. ஆகவே ஒவ்வொரு கலமும் தன்னைத் தானே காத்தல் வேண்டும். அக்காவலுக்கு அமைந்தவையே 'வாங்கி' எனப்படும் புரதங்கள்.

முதற்காவல் கலத்தின் புறத்தே நிற்பது. பங்கசின் சுவரில் கைற்றின் என்னும் பொருள் உண்டு. நெல்லின் சுவரில் அஃது இல்லை. அதன் துணுக்கைத் தீண்டிய வாங்கி, பகைவன் வந்தான் எனக் கலத்தினுள் அறிவிக்கும். உடனே கலம் தன் சுவரைத் தடிப்பாக்கி, பங்கசைத் தாக்கும் பொருள்களைச் சுரக்கும்.

பங்கசும் வாளாவிருப்பதில்லை. அப்பாதுகாப்பை அடக்கவல்ல புரதங்களைக் கலத்தினுள் செலுத்துகின்றது. அவற்றை இனங்காணும் இரண்டாங்காவல் கலத்தினுள்ளே இருக்குமாயின், தாக்குண்ட கலம் தானே மடிந்து அயற்கலங்களைக் காக்கும். எதிர்ப்புள்ள பயிரின் இலையில் சிறு கபிலப் புள்ளியோடு நோய் நின்றுவிடுவது இதனாலேயே. அக்காவல் இல்லாத இலையிலோ, சாம்பல் நிற நடுவுடைய கண் போன்ற புள்ளிகள் பரந்துவிடும். மாணவனின் வினாவுக்கு விடை பெரும்பாலும் விதையினத்திலேயே உள்ளது.

பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்-4 இனம், எரிபந்தத்தைத் தாங்குவதற்கும் பெயர் பெற்றது. ஆயினும் எந்த எதிர்ப்பும் நிலையானதன்று. செடியின் எதிர்ப்புப் பரம்பரையலகு ஒவ்வொன்றுக்கும் இணையான ஒன்று பங்கசில் உண்டு என்பதை, அமெரிக்க அறிஞர் புளோர் 1940களில் ஆளிச்செடியில் ஆராய்ந்து காட்டினார். பங்கசில் அது மாறிவிட்டால், காவலன் பகைவனை அறியான்.

ஆதலின், ஊர் முழுவதும் ஒரே இனத்தை ஆண்டுதோறும் விதைத்தல் தகாது. யூரியாவை மிகையாக இடுதலும் எரிபந்தத்தை வளர்க்கும். விதைக்குமுன் விவசாயப் போதனாசிரியரை நாடி, ஏற்ற இனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். காவலரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையதே.