ஆள்மாறாட்ட நிதி மோசடியும் வாடகைக் கணக்குகளும்

நிதி மோசடி என்பது பொய்யான தகவலை நம்பவைத்து ஒருவரின் பணத்தைக் கைப்பற்றும் குற்றம் ஆகும். கைப்பேசி, இணையம், மின்னணுப் பணப் பரிமாற்றம் ஆகியவற்றின் வழியே நடக்கும்போது அதை இணையவழி நிதிக் குற்றம் என்கிறோம். கருவிகள் மாறிக்கொண்டே இருந்தாலும், இக்குற்றத்துக்கு இரண்டு இரவல் பொருள்கள் தேவைப்படுகின்றன. ஒன்று, பிறர் நம்பக்கூடிய பெயர். மற்றொன்று, பணம் வந்து இறங்குவதற்கான வங்கிக் கணக்கு. முதலாவதைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி மாணவர்களிடம் எடுத்துச் சொல்வோர் குறைவு.

துறைமுக வைப்புத்தொகை வழக்கு

இராயபுரத்தை ஒட்டியுள்ள சென்னைத் துறைமுகத்தின் பணமே 2020இல் இந்த முறையில் களவு போனது. அந்நாளில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகம் என்று அழைக்கப்பட்ட நிறுவனம் (இன்று சென்னைத் துறைமுக ஆணையம்) தன் நிதியை இந்தியன் வங்கியின் கோயம்பேடு கிளையில் நிரந்தர வைப்பாகப் போட்டிருந்தது. புலனாய்வு அமைப்புகள் கூறுவதன்படி, துறைமுகத்தின் நிதித் துறைத் துணை இயக்குநர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அக்கிளைக்கு வந்தார். போலி ஆவணங்களைக் கொடுத்துத் துறைமுகத்தின் பெயரிலேயே நடப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினார். வைப்பு முதிர்வதற்கு முன்பே முடிக்கப்பட்டு, 100 கோடி ரூபாய் திசை மாறியது. அங்கிருந்து அந்தப் பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்து சென்றது. மீதியை வங்கி தடுத்து நிறுத்துவதற்குள் 45.40 கோடி ரூபாய் வெளியேறிவிட்டது.

மத்தியப் புலனாய்வுத் துறை (சிபிஐ) வழக்குப் பதிவு செய்தது. அமலாக்கத் துறையும் விசாரணையில் இறங்கி, மோசடிப் பணத்தில் வாங்கப்பட்டவை என்று கூறி நிலங்களை முடக்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்களுள் அக்கிளையின் மேலாளரும் ஒருவர். துறைமுகத்தின் தலைமை அலுவலகமும் இந்தியன் வங்கியின் பதிவு அலுவலகமும் ஒரே ராஜாஜி சாலையில் இருப்பவை என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த வழக்கில் கணினியை உடைத்துப் புகுந்த நுட்பம் எதுவும் இல்லை. ஒரு பதவிப் பெயர், சில போலிக் காகிதங்கள், பணத்தைப் பிரித்து வாங்கிக்கொள்ளச் சில கணக்குகள், இவ்வளவுதான். ஆயிரம் ரூபாய் மோசடியின் எலும்புக்கூடும் இதுவே.

இரவல் பெயர்கள்

மோசடிக்காரர், கேட்பவர் எந்தப் பெயருக்கு அஞ்சுவாரோ அல்லது ஆசைப்படுவாரோ அதையே எடுத்துக்கொள்கிறார். "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, சுங்கத் துறையிலிருந்து பேசுகிறோம்" என்று தொடங்கி, காணொளி அழைப்பில் காவல் சீருடையைக் காட்டி, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுவது ஒரு வகை. இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

துறைமுகப் பகுதி இளைஞர்களிடம் செல்லுபடியாகும் பெயர் கப்பல் வேலை. கப்பலுக்கு ஆள் எடுக்கும் முகவர் மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. ஆகவே "இரண்டு லட்சம் கட்டு, அடுத்த மாதம் கப்பல் ஏறலாம்" என்பவரிடம் வேறு எதையும் சோதிக்கத் தேவையில்லை.

காசிமேட்டில் மீன் விற்பவருக்கு வரும் ஏமாற்று இன்னும் எளிது. பணம் அனுப்புவதாகச் சொல்லி, "பின் எண்ணைப் போடுங்கள், பணம் ஏறிவிடும்" என்பார்கள். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பணம் அனுப்பும்போது கேட்கப்படுவது அது.

வாடகைக் கணக்கு

ஏமாற்றிப் பெற்ற பணத்தை மோசடிக்காரர் தன் சொந்தக் கணக்கில் வாங்குவதில்லை. வாங்கினால் அன்றே பிடிபடுவார். அதனால் அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுக்கிறார். ஆங்கிலத்தில் இதை மியூல் கணக்கு என்பர். மியூல் என்றால் பொதி சுமக்கும் கோவேறு கழுதை. சுமை யாருடையது என்று அதற்குத் தெரியாது, அடி மட்டும் அதற்கு விழும்.

கேட்கும் விதம் மென்மையானது. "என் கணக்கில் வரம்பு முடிந்துவிட்டது, உன் கணக்கில் போடச் சொல்கிறேன், எடுத்துக் கொடு, ஐந்தாயிரம் வைத்துக்கொள்" என்பார் தெரிந்த அண்ணன் ஒருவர். அல்லது கணக்குப் புத்தகம், ஏடிஎம் அட்டை, சிம் மூன்றையும் சேர்த்தே கேட்பார். வேறு மாநிலத்தில் ஓய்வூதியத்தை இழந்த ஒருவரின் பணம் அந்தக் கணக்கில் இறங்கி, சில நிமிடங்களில் வேறு கணக்குகளுக்குப் போய்விடும். அவர் புகார் கொடுக்கும்போது காவல்துறைக்கு முதலில் கிடைக்கும் பெயர் கணக்கு வைத்திருக்கும் மாணவனுடையது. அண்ணனின் பெயர் எந்தப் பதிவிலும் இராது.

அடுத்து கணக்கு முடக்கப்படும். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயோ, பகுதிநேர வேலைக் கூலியோ வரும் கணக்கு அதுவாகவே இருக்கலாம். அந்தப் பணமும் உள்ளே நின்றுவிடும். புகார் பதிவான மாநிலத்தின் காவல் நிலையத்துக்குப் பதில் சொல்லி, தேவையானால் நீதிமன்றம் சென்றுதான் மீட்க வேண்டும். தெரிந்தே உதவியது நிரூபணமானால் தண்டனையும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஈ பிரிவு, கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 318(4)இன்படி, ஏமாற்றிப் பொருளை ஒப்படைக்கச் செய்வதற்கு 7 ஆண்டு வரை சிறை. "ஐந்தாயிரம்தானே வாங்கினேன்" என்பது அங்கே எடுபடாது.

இத்தகைய கணக்குகளைக் கண்டறிய இந்திய ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கிய மியூல்ஹண்டர் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. பல மாதம் சில நூறு ரூபாய் மட்டும் புழங்கிய கணக்கில் திடீரென லட்சங்கள் வந்து உடனே வெளியேறினால், வங்கிக்குச் சந்தேகம் எழுவது இயல்பு.

பணம் போன பிறகு

பணத்தை இழந்தவர் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய இணையவழிக் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். புகார் பதிவானவுடன், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அந்த வங்கிக்குத் தகவல் சென்று, எஞ்சியிருப்பது முடக்கப்படும். துறைமுக வழக்கில் பாதிக்கு மேற்பட்ட தொகை தப்பியது, அது இன்னும் கணக்கை விட்டு வெளியேறாமல் இருந்ததால்தான். வெட்கப்பட்டு இரண்டு நாள் வீட்டில் மறைத்தால் முடக்குவதற்கு எதுவும் இராது.

அழைக்கும்போது பரிமாற்றக் குறிப்பு எண், தொகை, நேரம், வங்கியின் பெயர் ஆகியவை கையில் இருக்கட்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரும் வங்கியும் தவறு செய்யாமல் மூன்றாமவரால் பணம் போயிருந்து, 3 வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால், வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. ஓடிபியைத் தானே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. தெரிவித்த பின் ஏற்படுவது வங்கியுடையது. எனவே வங்கியில் எழுத்து மூலமும் புகார் கொடுத்து, நகலில் நாளும் நேரமும் குறித்து முத்திரை பெற்றுக்கொள்ள வேண்டும். எப்போது தெரிவித்தோம் என்ற தகராறு பின்னாளில் எழுந்தால், அந்த முத்திரைதான் சான்று.