உங்களுக்குத் தெரியுமா? ‘கேஸ்’ என்று தள்ளிப்போடப்படும் சினைப்பை புற்றுநோய்

இந்தியப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் மார்பகமும் கருப்பை வாயும் முதல் இரண்டு இடங்களில் இருக்கின்றன. மூன்றாவது சினைப்பை. 2022ஆம் ஆண்டுக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் அந்த ஒரு வருடத்தில் சுமார் 47,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது. சுமார் 33,000 பேர் இறந்தார்கள்.

●

பெங்களூரு தொம்மலூர்வாசி ஒருவருக்குப் புற்றுநோய் என்று உறுதியானால், அந்தத் தகவல் ஒரு பதிவேட்டில் ஏறும். ஓசூர் சாலையில் இருக்கும் கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனை 1982 முதல் பெங்களூரு நகரம் முழுவதற்கும் இந்தக் கணக்கை எடுத்து வருகிறது. சென்னையில் இதே வேலையை அதே காலத்திலிருந்து செய்வது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. எந்த நோய் கூடுகிறது, எந்த வயதில் வருகிறது என்று நாம் இன்று பேச முடிவதே இந்தப் பதிவேடுகளால்தான்.

●

முட்டைக்கோழிக்கும் சினைப்பை புற்றுநோய் வரும். ஆய்வுக்கூடத்தில் யாரும் வரவழைக்காமல், வயதான கோழிகளுக்குத் தானாகவே வருகிறது. ஏறக்குறைய தினமும் ஒரு முட்டை இடுவதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். எகிப்து மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா 1971இல் சொன்ன கருத்தும் இதுதான்: கருமுட்டை வெளிவரும் ஒவ்வொரு முறையும் சினைப்பையின் மேற்புறம் கிழிந்து, பிறகு ஆறுகிறது. எத்தனை முறை கிழிகிறதோ அத்தனை முறை தவறு நேர வாய்ப்பு.

சீக்கிரம் வயதுக்கு வந்தவர்கள், மாதவிடாய் தாமதமாக நின்றவர்கள், பிள்ளை பெறாதவர்கள் ஆகியோருக்கு ஆபத்து சற்றுக் கூடுவது இதனால் என்று கருதுகிறார்கள். கர்ப்பமும் தாய்ப்பால் கொடுப்பதும் ஆபத்தைக் குறைக்கின்றன. கருத்தடை மாத்திரையும் குறைக்கிறது. 45 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான அறிக்கைப்படி, ஐந்து வருடம் மாத்திரை எடுத்தால் ஆபத்து ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மாத்திரைக்கு வேறு ஆபத்துகளும் உண்டு என்பதால் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை இல்லாத பெண்ணைக் குத்திக்காட்ட இந்தத் தகவலை யாரும் எடுக்க வேண்டாம். பிள்ளை பெறாத பெண்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. நாலு பிள்ளை பெற்றவர்களுக்கும் வந்திருக்கிறது.

●

பெயர்தான் சினைப்பை புற்றுநோய். அதில் அதிகம் காணப்படும் வகை பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதில்லை. கருக்குழாயின் விரல் போன்ற நுனியில் தொடங்குகிறது. 2001இல் நெதர்லாந்து நோய்க்கூறியல் நிபுணர்கள், முன்னெச்சரிக்கையாக எடுக்கப்பட்ட கருக்குழாய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது இதற்கான தடயம் கிடைத்தது.

தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேல் செய்துகொள்வது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். அதில் கருக்குழாயை முடிச்சுப் போட்டாலே இந்தப் புற்றுநோயின் ஆபத்து ஓரளவு குறைகிறது. பிள்ளைப்பேறு முடிந்த பெண்ணுக்கு வேறு ஆபரேஷனுக்காக வயிற்றைத் திறக்கும்போதே, அவர் சம்மதத்துடன் இரண்டு கருக்குழாய்களையும் எடுத்துவிடும் வழக்கம் பல நாடுகளில் பரவி வருகிறது. சினைப்பை உள்ளேயே இருக்கும், ஹார்மோனுக்குக் குறைவில்லை.

●

“உங்க அம்மா வழியில யாருக்காவது இருந்ததா?” இந்தக் கேள்வியோடு நிறுத்திவிடுவது பெரிய தவறு. அப்பா வழியையும் கேட்க வேண்டும்.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்கள், உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்பவை. இவற்றில் பழுது இருந்தால் அது தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம். பிள்ளைக்குக் கடக்கும் வாய்ப்பு சரிபாதி. அப்பாவுக்குச் சினைப்பை கிடையாது. அதனால் அவர் ஆயுள் முழுக்க எந்தக் குறையும் தெரியாமல் இருந்துவிட்டு மகளுக்குக் கொடுத்துவிட முடியும். அத்தைக்கு வந்த மார்பகப் புற்றுநோய், அப்பாவைப் பெற்ற பாட்டி ‘வயிற்றுக்கட்டி’யில் போனது, இவையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டிய செய்திகள். நம் வீடுகளில் இவற்றை மூடி மறைப்பதுதான் வழக்கம், பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்ற பயத்தில். அந்த மௌனத்துக்குப் பேத்தி விலை கொடுக்கிறாள்.

பொதுவாக ஆயுளில் நூறு பெண்களில் ஒருவர் அளவில் வரும் இந்த நோய், பிஆர்சிஏ1 பழுதுள்ளவர்களில் சுமார் நாற்பது பேருக்கு வருகிறது. பிஆர்சிஏ2 என்றால் பதினைந்து பேர் அளவில். நடிகை ஏஞ்சலினா ஜோலியின் தாயார் 2007இல் 56 வயதில் இந்த நோயால் காலமானார். பிஆர்சிஏ1 பழுது தனக்கும் இருப்பதை அறிந்த ஜோலி 2013இல் மார்பகங்களையும், 2015இல் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டார்.

●

‘பம்பாய்’ படத்தில் நாம் பார்த்த மனீஷா கொய்ராலாவுக்கு 2012இல் இந்த நோய் கண்டறியப்பட்டது. நியூயார்க்கில் ஆபரேஷனும் கீமோதெரபியும் செய்துகொண்டு மீண்டார். மீண்டும் நடிக்கவும் வந்தார்.

●

தொம்மலூரில் எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை ‘கேஸ்’. “ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நெறஞ்சுடுதுப்பா, உப்புசமா இருக்கு” என்று சொல்லி ஐம்பது, அறுபது வயது அம்மாக்கள் சிரப் வாங்கிப் போகிறார்கள். பெரும்பாலும் அது கேஸ்தான். ஆனால் வயிறு உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போதல், இவற்றில் ஒன்று புதிதாக வந்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் நீடித்தால், சிரப்பை நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் போய் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். கை, முகம் மெலிந்துகொண்டே போகும், பாவாடை நாடா மட்டும் எட்டாமல் போகும். வயிற்றில் நீர் கோக்கும்போது இப்படித்தான் ஆகும். இந்த நோய் அறிகுறியே காட்டாது என்பது சரியல்ல. காட்டுகிறது, நாம்தான் வேறு பெயர் வைத்துவிடுகிறோம்.

●

சிஏ-125 ரத்தப் பரிசோதனையின் பெயரில் இருக்கும் 125, ஆய்வாளர்கள் சோதித்த எதிர்ப்புப் பொருள்களில் பலன் தந்தது 125ஆவது என்பதால் வந்தது. இந்த அளவு கூடினாலே புற்றுநோய் என்று இடிந்துபோக வேண்டாம். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), மாதவிடாய், கர்ப்பம் எல்லாவற்றிலும் கூடும். நம் நாட்டில் இன்னொன்று உண்டு: வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர், எடை குறைவு, எகிறிய சிஏ-125 எல்லாம் அதிலும் இருக்கும். திசுவை எடுத்துப் பார்த்தபின் காசநோய் என்று தெரிந்து, மாத்திரையிலேயே குணமானவர்கள் உண்டு.

●

எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களுக்கு வருடாவருடம் சிஏ-125, ஸ்கேன் எடுத்தால் உயிர் பிழைப்பது கூடுமா? பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது: மரணம் குறையவில்லை. பாப் ஸ்மியர் பரிசோதனை கருப்பை வாய்க்கானது; சினைப்பையைக் காட்டாது.

●

இந்த நோய் எல்லோரிடமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில வகை வருடக்கணக்கில் மெல்ல வளரும், ஆனால் கீமோவுக்கு அவ்வளவாக அசையாது. அதிகம் காணப்படும் வகையோ மூர்க்கமானது. செல்லைக் கட்டுக்குள் வைக்கும் பி53 மரபணு ஏறக்குறைய எல்லாருடைய கட்டியிலும் பழுதாகியிருக்கும். பதின்ம வயதுப் பெண்களுக்கு வரும் கருமுட்டைச் செல் கட்டிகள் சில வாரங்களிலேயே பெரிதாகிவிடும். அப்படி வளர்ந்தாலும் சிகிச்சையில் பெரும்பாலும் குணமாகிவிடும். கருப்பையையும் மற்ற சினைப்பையையும் காப்பாற்றலாம், பின்னால் தாயாகலாம்.

வயிற்றுக்குள் தடுப்புச் சுவர் கிடையாது. உதிர்ந்த செல்கள் அங்குள்ள நீரோடு மிதந்து, குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையில் போய் ஒட்டுகின்றன. அந்தக் கொழுப்பையே தின்று வளர்கின்றன என்று 2011இல் சிகாகோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். சினைப்பைக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் ஐந்து வருடம் தாண்டுபவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு. பரவிய பிறகு அது பாதிக்கும் கீழே இறங்குகிறது.

புற்றுநோய்ச் சந்தேகமுள்ள கட்டியை ஊசியால் குத்தி நீரை உறிஞ்சக் கூடாது. ஆபரேஷனில் கட்டி உடைந்தாலே முதல் நிலையிலிருக்கும் நோய் ஒரு படி ஏறியதாகக் கணக்கு. புற்றுநோய் அறுவை நிபுணரைத் தேடிப் போங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

●

பிசிஓடி நீர்க்கட்டிகள் புற்றுநோய்க் கட்டிகள் அல்ல. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு மட்டும் சில வகைகளின் ஆபத்து கூடுகிறது. மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஹார்மோன் மாத்திரை, உடல் பருமன், புகை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுபவை. டால்கம் பவுடரில் இருக்கும் டால்கை 2024இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற பட்டியலில் சேர்த்தது. பிறப்புறுப்புப் பகுதியில் பவுடர் போடும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

●

சினைப்பை புற்றுநோய் உறுதியானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பிறவி மரபணுப் பழுது இருக்கிறது. அதனால் பரவலாகக் காணப்படும் வகைகள் வந்த ஒவ்வொருவருக்கும், வயது எதுவானாலும், குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றாலும், மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். பிஆர்சிஏ பழுதுள்ள கட்டி கீமோவுக்கு நன்றாகவே பணிகிறது. ஒலாபரிப் போன்ற மாத்திரைகளும் அவர்களுக்கே அதிகம் கைகொடுக்கின்றன. பெங்களூரிலேயே இந்தப் பரிசோதனை நடக்கிறது. குடும்பத்தில் ஒருவருக்கு எந்த இடத்தில் பழுது என்று தெரிந்துவிட்டால், அக்கா தங்கைக்கும் மகளுக்கும் மகனுக்கும் அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும், செலவும் வெகுவாகக் குறையும். அந்தப் பழுது இல்லை என்று வந்த மகளுக்கு ஆபத்து மற்ற பெண்களுக்கு உள்ள அளவுதான்.