அடுக்குத் தகடுகளில் ஊறும் ஈரம்

2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்த தேஜஸ் போர் விமானத்தின் உடலமைப்பு எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கலவைப் பொருள்களாகும். கரி இழைகளை எபாக்சி பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக்கிய தகடுகள் இவை. இவை துருப்பிடிப்பதில்லை, ஆனால் ஈரத்தை உறிஞ்சுகின்றன.

கரி இழை நீரை ஏற்பதில்லை, பிசினே ஏற்கிறது. தகட்டின் எடையில் 1 விழுக்காட்டை ஒட்டிய ஈரம் அற்பமாகத் தோன்றலாம். எனினும் அது பிசினை நெகிழச் செய்து, பிசின் இளகத் தொடங்கும் வெப்பநிலையைப் பல பாகைகள் தாழ்த்திவிடுகிறது. இழுவிசையை இழைகளே தாங்குவதால் அவ்வலிமை பெரிதும் குறைவதில்லை. அமுக்கு விசையிலோ, இழைகள் வளைந்துவிடாமல் பக்கவாட்டில் பற்றி நிற்பது பிசின்தான். ஈரமும் வெப்பமும் சேர்ந்து வரும்போது அப்பிடி தளர்கிறது. கடலோரத் தளத்தில் வெயிலில் நிற்கும் விமானத்தை எண்ணியே வலிமையைக் கணக்கிட வேண்டும். உலர்ந்த மாதிரியின் சோதனை இங்கே ஏமாற்றும்.

தகடு இரு மடங்கு தடித்தால், ஈரம் ஊறி நிறைய நான்கு மடங்கு காலம் பிடிக்கும். இந்தப் பாதுகாப்பை விரிசல் குலைத்துவிடுகிறது. விசைக்குக் குறுக்காக அமைந்த அடுக்குகளிலேயே பெரும்பாலும் முதல் விரிசல்கள் தோன்றும். அவற்றின் வழியே நீர் நேராக உட்புகும். உயரத்தில் உறைந்து விரியும். அடுக்குகளுக்கிடையே பிளவு பரவும். பழுதுபார்ப்போர் ஒட்டுப் போடுமுன் தகட்டை மெல்லச் சூடேற்றி உலர்த்துகின்றனர். இல்லையேல் உள்ளே தங்கிய நீர் ஒட்டின் வெப்பத்தில் ஆவியாகி, புதிய ஒட்டையே கொப்புளமாக்கிவிடும்.